பல்லுக்குப் பதினாலு பாயிண்ட்

அந்த ஜன்னலைக் கொஞ்சம் இழுத்து விடுங்கண்ணே, பாப்பா மூஞ்சியில தூசி அடிக்குது. ஆங், போதும். நீங்க தேனி வரைக்குமா? நல்லது. நாங்க உசிலம்பட்டி தாண்டி ஒரு சின்ன ஊரு. இந்த வண்டிக்கு ஸ்டாப்பிங் உண்டு. அந்தா, டிரைவருக்குப் பின்னாடி ரெண்டாவது சீட்டுல நீலச் சட்டை போட்டுக்கிட்டு, முடியை ஒட்ட வெட்டியிருக்கான் பாருங்க, அது என் மகன்தான். லிங்கேஸ்வரன். பதினெட்டு இன்னும் முடியல. நீங்க ஒக்காந்திருக்கீங்களே, இது அவன் சீட்டு. அட, எந்திரிக்காதீங்கண்ணே, இருங்க. ஆரப்பாளையத்துல ஏறுனதும் என் பக்கத்துல ஒக்காராம அங்கிட்டுப் போயிட்டான். இனிமே வரமாட்டான்.

கோவம்னா பரவாயில்லண்ணே. திட்டுனா வாங்கிக்கிருவேன். பேசவே மாட்டேங்கிறான். நேத்து மத்தியானத்துல இருந்து ஒரு வார்த்தை கிடையாது. சாப்புடுறியாடான்னா இல்ல. தண்ணி குடிக்கிறியான்னா இல்ல. என் மூஞ்சியப் பாக்குறதே இல்ல.

பட்டாளத்துக்குப் போக வேண்டிய பயண்ணே அவன். பரீட்சையில பாஸ். ஓட்டத்துல அந்த மைதானத்துல எல்லாரையும் முந்திக்கிட்டு வந்தான். கம்பியில தொங்கி ஏறுறது, பள்ளம் தாண்டுறது, எல்லாத்துலயும் பாஸ். கண்ணு நல்லாருக்கு. காது நல்லாருக்கு. நெஞ்சை விரிச்சுக் காட்டுனா நாலு பேரு திரும்பிப் பாப்பாய்ங்க. எதுல பெயிலாக்கிட்டாய்ங்க தெரியுமா? பல்லுல. நீங்க கேள்விப்பட்டிருக்கீங்களா, பல்லுக்கு மார்க்கு போடுறதை? நான் கேள்விப்பட்டதே இல்லண்ணே. மாட்டுச் சந்தையிலதான் பல்லைப் பிடிச்சுப் பாப்பாய்ங்க.

சும்மா சொல்லலண்ணே, அந்தப் பயலை நான் வளத்த மாதிரி எங்க ஊருல ஒருத்தனும் வளத்திருக்க மாட்டான். எனக்கு லைன் வண்டி வேலை. பிஸ்கட்டு, சாக்லேட்டு, கேக்கு, ஜூஸ் பாக்கெட்டு இதெல்லாம் ஏஜென்சியில ஏத்திக்கிட்டு ஊர் ஊரா பெட்டிக்கடைக்குப் போடுறது. போடுறப்பவே பழசைத் திருப்பித் தருவாய்ங்க. கவர் கிழிஞ்சது, தேதி நெருங்குனது, வெயில்ல உருகி ஒட்டிக்கிட்டது. டேமேஜுன்னு சொல்லுவோம். அதைத் திருப்பி எடுத்துக்கிட்டு வந்து ஏஜென்சியில காட்டுனா முதலாளி ஒரு கொட்டாவி விட்டுட்டு, யாருக்கு வேணுமோ எடுத்துட்டுப் போங்கப்பாம்பாரு. எலி கடிச்சதை நான் தொடமாட்டேண்ணே, அதுல நான் சுத்தம். மத்தது அம்புட்டும் வீட்டுக்கு வந்துரும். எங்க வீட்டு அலமாரியில அரிசி இல்லாத நாள் இருந்திருக்கு, சாக்லேட்டு இல்லாத நாள் இல்ல.

எங்கப்பா எனக்கு ஒரு ஆரஞ்சு முட்டாய் வாங்கித் தந்ததில்லண்ணே. கடை வாசல்ல நிப்பேன். அடிச்சு இழுத்துக்கிட்டுப் போவாரு. அப்பயே முடிவு பண்ணிட்டேன், நமக்கு ஒண்ணு பொறந்துச்சுன்னா அது எந்தக் கடை வாசல்லயும் நிக்கக் கூடாதுன்னு. நிக்கலையே! இவன் நின்னதே இல்ல. மத்த பயலுகதான் இவன் பின்னாடி நின்னாய்ங்க. பள்ளிக்கூடத்துக்குப் பையில ரெண்டு பாக்கெட்டு கொண்டுபோவான், மணி அடிக்கிறதுக்குள்ள தீந்துரும். ஏழாம் வகுப்புல கிளாஸ் லீடர் ஆனானே, சும்மா ஆனான்னா நினைக்கிறீங்க? எல்லாம் கிரீம் பிஸ்கட்டு பண்ணுன வேலை.

பாப்பா பேரு என்னம்மா? இந்தா, மாமா தர்றேன், வாங்கிக்க. அட, ஒண்ணுதாண்ணே. ஏன் வேணாங்கிறீங்க? இது டேமேஜ் இல்ல, புது சரக்கு, நம்ம லைன்ல நல்லா ஓடுறது. இதெல்லாம் தின்னாம அப்புறம் எந்த வயசுல திங்கிறது? சரி, சரி. நீங்க பெத்தவரு, உங்க இஷ்டம். பையில வச்சுக்க பாப்பா, அப்பா தூங்கும்போது சாப்பிடு.

எதுல விட்டேன்? ஆங், பிஸ்கட்டுல. அவன் அம்மா இருக்காளே, தவமணி. மில்லுக்குப் போறா. விடியறதுக்கு முன்னாடி மில்லு வண்டி வந்து ஹாரன் அடிச்சிரும். சோத்தைப் பொங்கி வச்சுட்டு ஓடுவா. நான் லைனுக்குப் போயிருவேன். பய சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தா வீடு பூட்டிக் கிடக்கும். சோறு ஆறிப்போய்க் கிடக்கும். கேக்கு ஆறுமா? அதைத் தின்னுட்டு, ஒரு ஜூஸை உறிஞ்சிக்கிட்டே வீட்டுப்பாடம் எழுதிட்டு, அப்படியே தூங்கிருவான். நாங்க வந்து பாத்தா வாயோரத்துல சாக்லேட்டு ஒட்டியிருக்கும். தவமணி சிரிப்பா. நானும் சிரிப்பேன். வயிறு நெறஞ்சுதானே தூங்குது, அது போதும்னு இருக்கும்.

ஒரு தடவை பள்ளிக்கூடத்துல பல்லு கேம்ப் போட்டாய்ங்க. ஒரு டாக்டரம்மா, சின்ன வயசு, பெத்தவங்களைக் கூட்டிட்டு வான்னு அனுப்பிருச்சு. போனேன். பையன் ராத்திரி படுக்குறப்ப பல்லு தேய்க்கிறானான்னு கேக்குது. ராத்திரி எவம்மா பல்லு தேய்ப்பான், விடிஞ்சாத்தானே தேய்ப்போம்னேன். சுத்தி இருந்த வாத்தியாருக எல்லாம் சிரிச்சுட்டாய்ங்க. அந்தப் புள்ள சிரிக்கல. வீட்டுல இனிப்பு நெறைய திம்பானான்னு கேட்டுச்சு. கேள்வியப் பாருங்க. என் வேலையே அதுதாம்மான்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

ஆறாம் வகுப்புலயே ஒரு பல்லு போச்சு. கீழ்க் கடவாப்பல்லு. கன்னம் இப்படி வீங்கி, கண்ணு மூடிக்கிச்சு. கிராம்பை வச்சு அமுக்கினா தவமணி, கேக்கல. டவுன்ல ஒரு பல்லு டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுனேன். அவரு, இது பால்பல்லு இல்ல, போனா மொளைக்காது, வேரைச் சுத்தம் பண்ணி மூடிருவோம், நாலஞ்சு தடவை வந்து போகணும்னாரு. நாலஞ்சு தடவை! லைன் வண்டிய நாலஞ்சு நாள் நிறுத்துனா முதலாளி வேற ஆளை ஏத்திருவாரு. புடுங்குனா எம்புட்டு நேரம் சார்னேன். இப்பவேன்னாரு. அப்ப இப்பவே புடுங்குங்கன்னுட்டேன். பதினோரு வயசுப் பயலுக்கு ஒரு பல்லு மொளைக்காமலா போயிரும்னு நெனச்சேன். இன்னைக்கு வரைக்கும் மொளைக்கல. அந்தச் சமயத்துல அவர் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கணுமா இல்லையா? படிச்சவரு அவருதானே?

அடுத்தது பத்தாம் வகுப்புப் பரீட்சை சமயம். இந்தப் பக்கம். ராவெல்லாம் தலைகாணியக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தான், பாக்க சகிக்கல. விடிஞ்சா இங்கிலீசு பரீட்சை. அதையும் புடுங்கியாச்சு. வாயில பஞ்சைக் கடிச்சுக்கிட்டே போய் எழுதி பாஸ் பண்ணிட்டாண்ணே, பாருங்க அவன் வைராக்கியத்தை! மேல்பல்லுன்னா கண்ணு பார்வை போயிரும்பாங்க. நல்லவேளை ரெண்டும் கீழ்ப்பல்லு. அன்னைக்கு அப்படித்தான் நாங்க சந்தோசப்பட்டோம்.

அதுக்கப்புறம்தான் இந்தப் பட்டாளத்துக் கிறுக்கு. எங்க ஊருல பால்ச்சாமி அண்ணன்னு ஒருத்தரு, பட்டாளத்துல இருந்து திரும்பி வந்தவரு, பயலுகளைச் சேத்துக்கிட்டு கம்மாக்கரையில ஓட விடுவாரு. காசு வாங்க மாட்டாரு. இவன் போய்ச் சேந்துக்கிட்டான். ஆரம்பத்துல நான் வேணாம்னுதான் சொன்னேன். ஒத்தப் புள்ள. ஆனா அவன் ஓடி வர்றதை ஒரு நாள் வண்டியில போறப்ப பாத்தேண்ணே. வண்டிய ஓரங்கட்டி நிறுத்திட்டுப் பாத்தேன். என் மகனா இதுன்னு இருந்துச்சு. நாமதான் காலமெல்லாம் கடை கடையா இறங்கி, அண்ணாச்சி சரக்கு வேணுமா, அண்ணாச்சி சரக்கு வேணுமான்னு கெஞ்சிக்கிட்டுக் கிடக்கோம், இவனாவது நிமிந்து நடக்கட்டும்னு தோணிருச்சு.

வெயிட்டு மட்டும் கம்மியா இருந்துச்சு. பால்ச்சாமி அண்ணன், இவனுக்கு உடம்பு தேத்து சிவனாண்டின்னாரு. விட்டனா நான்? குளுக்கோஸ் பவுடர் டப்பா டப்பாவாக் கொண்டுவந்து இறக்குனேன். பெரிய பாட்டில்ல கரைச்சு இடுப்புல மாட்டி விட்ருவேன், ஓடுறப்பவும் குடிப்பான், ஒக்காந்தா குடிப்பான், ராத்திரி படிக்கிறப்பவும் பக்கத்துல அதான் இருக்கும். கூட ஓடுற பயலுகளும் அப்படித்தான், ஓடி முடிச்சா ஆளுக்கு ஒரு கலர் பாட்டில், ஒரு சாக்லேட்டு. அதுவும் நம்ம சரக்குதான். மூணே மாசத்துல வெயிட்டு ஏறிருச்சு. மெடிக்கல்ல வெயிட்டுப் பாத்தப்ப ஓகேன்னு டிக் பண்ணாய்ங்களே, அது யாரால? அதை மட்டும் ஒருத்தனும் பேச மாட்டேங்கிறான்.

ஓட்டத்துல பாஸாகி, அடுத்தது மெடிக்கல்னு நிக்கிறப்ப பால்ச்சாமி அண்ணன் எல்லாப் பயலுகளையும் வரிசையா நிப்பாட்டி, காது அழுக்கு எடுத்துருங்கடா, பல்லைப் பாத்துக்கங்கடான்னாரு. நான் வீட்டுல டார்ச்சு அடிச்சுப் பாக்குறேன், இவன் வாயில கீழ இடது பக்கம், முன்னாடி புடுங்குன இடத்துக்குப் பின்னாடி, ஒரு பல்லுல கருப்பா ஓட்டை. டாக்டரு வாயத் திறன்னு சொன்னதும் இதுதானே முதல்ல தெரியும்? அழுக்கு வாயோட வந்திருக்கான்னு நெனைக்க மாட்டாரு? விருந்தாளி வர்றப்ப வீட்டுல ஒட்டடை அடிக்கிறதில்லையா நாம? அன்னைக்கே அதே பல்லு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன்.

இவன் வரும்போதே சிணுங்குனான். வலிக்கலப்பா, அது பாட்டுக்கு இருக்கட்டும்ப்பான்னான். டாக்டரும் அடைச்சுக்கலாம், ரெண்டு தடவை வந்தாப் போதும்னாரு. எனக்கு மனசு ஒப்பல. அடைச்சா அடைச்சது தெரியுமில்ல? பழைய வண்டிக்கு பட்டி பாத்து பெயிண்ட் அடிச்ச மாதிரி. பட்டாளத்துக்காரன் கண்ணுக்குத் தப்புமா? நம்ம பக்கம் ஒளிவு மறைவு இருக்கக் கூடாது, கெட்டதே வாயில இல்லாம சுத்தமா அனுப்புவோம், எடுத்துருங்கன்னேன். டாக்டர் இவன் மூஞ்சியப் பாத்தாரு. இவன் என் மூஞ்சியப் பாத்தான். அப்பா சொன்னா சரிங்கன்னு வாயத் திறந்தான்.

நல்ல பயண்ணே அவன். சொல் பேச்சு தட்ட மாட்டான்.

மெடிக்கல் அன்னைக்கு கேட்டுக்கு வெளிய வேப்பமரத்தடியில நாங்க ஒரு இருவது முப்பது பெத்தவங்க. ஒவ்வொருத்தனா வெளிய வர்றான், சிரிச்சுக்கிட்டு ஒருத்தன், அழுதுக்கிட்டு ஒருத்தன். இவன் வந்தான். சிரிக்கவும் இல்ல, அழவும் இல்ல. கையில ஒரு தாள். என்னடான்னேன். பல்லுப்பான்னான். எனக்குச் சிரிப்பு வந்துருச்சுண்ணே, சத்தியமா. வெளையாடுறான்னு நெனச்சுட்டேன்.

சரி, பட்டாளத்துப் பெரிய ஆஸ்பத்திரியில திரும்பப் பாப்பாய்ங்க, அப்பீல் இருக்குன்னாய்ங்க. அதுக்குத்தான் நேத்துப் போயிட்டு, ராத்திரி சொந்தக்காரங்க வீட்டுல தங்கிட்டு, இப்பத் திரும்புறோம். அங்கயும் இல்லைன்னுட்டாய்ங்க. நான் விடல. பல்லு பாக்குற டாக்டரு சாப்பாட்டுக்கு வெளிய வந்தப்ப குறுக்க விழுந்தேன். தமிழ்க்காரர்தான், நாகர்கோயில் பக்கம். நல்ல மனுசன், நின்னு பேசுனாரு. முன்பல்லுன்னா ஜோடிக்கு ஒண்ணு, கடவாப்பல்லுன்னா ரெண்டுன்னு கணக்காம். இந்த வயசுல பல்லு முழுசா இருந்தாலே பதினெட்டுதானாம், அதுல பதினாலு பாயிண்ட் வேணுமாம். உங்க பையனுக்குப் பன்னெண்டுதான் வருதுன்னாரு. மூணு பல்லுதானே சார் இல்ல, மேல அம்புட்டும் இருக்கேன்னேன். மேல இருந்து என்னங்க செய்ய, கீழ ஜோடி இல்லையே, ஜோடி இல்லாத பல்லு மெல்லாது, அதுக்கும் பாயிண்ட் கிடையாதுன்னாரு. ஜோடிப் பொருத்தம் பாக்க இது என்னா கல்யாணமா? சார், கட்டுப்பல்லு வச்சுக் கூட்டிட்டு வர்றேன் சார்னேன். கட்டுனதுக்குக் கணக்கு இல்லன்னாரு. பல்லால கடிச்சா சார் சண்டை போடப் போறான், துப்பாக்கி தர மாட்டீங்களான்னேன். லேசா சிரிச்சாரு.

அப்புறம் ஒண்ணு கேட்டாரு. இந்தக் கடைசிப் பல்லை ஏங்க எடுத்தீங்க, புண்ணு இப்பத்தானே ஆறிக்கிட்டு இருக்குன்னாரு. இதை அடைச்சிருந்தா அதுவும் கணக்குல வந்திருக்கும், மேல் ஜோடியும் சேந்து சரியாப் பதினாலு வந்திருக்குமேன்னாரு.

பக்கத்துல இவன் நிக்கிறாண்ணே. இவனை வச்சுக்கிட்டே சொல்றாரு. ஒரு டாக்டருக்கு இது தெரிய வேணாமா, பயலுக்கு முன்னாடி எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக் கூடாதுன்னு? என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்ல? அதுல இருந்துதான் இவன் வாய மூடுனவன் மூடுனவன்தான். எனக்கு அவரு மேல இருக்கிற ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்ல.

எங்க பக்கத்துத் தண்ணி உப்புத் தண்ணிண்ணே, அதுவும் ஒரு காரணம். தவமணி வீட்டுல எல்லாருக்குமே பல்லு சரியில்ல, அவ அண்ணனுக்கு நாப்பது வயசுலயே பொக்கை. அது ரத்தத்துல வர்றதுதானே? இவனும் ஒழுங்காத் தேய்ச்சிருக்க மாட்டான். யாரைன்னு சொல்றது? எல்லாஞ் சேந்து என் தலையில வந்து விடிஞ்சிருச்சு. ஒண்ணும் செய்ய முடியலையே. காசு கட்டுனா தீருமா, கால்ல விழுந்தாத் தீருமா, அப்படி எதுவும் இருந்தாக் கூட செஞ்சுருவேன். ஒரு வழியும் இல்லண்ணே. பல்லு மொளைச்சாத்தான் உண்டு. அது எங்க மொளைக்கும்?

உசிலம்பட்டி தாண்டிட்டமா? தாண்டியாச்சா? பேசிக்கிட்டே கவனிக்கல. அடுத்தது எங்க ஊரு.

ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். ஓட்டத்துல பாஸானப்பவே இவன் கூட்டாளிக பஸ் ஸ்டாப்புல ஒரு பிளெக்ஸ் வச்சுட்டாய்ங்க. மெடிக்கல் முடியட்டும்டான்னு நான் சொல்லல, எனக்கும் ஆசைதான். ஆள் உயரத்துக்கு மேல இவன் படம், பட்டாளத்து பனியனைப் போட்டுக்கிட்டு, பல்லு அம்புட்டும் தெரியச் சிரிக்கிறான். எல்லையைக் காக்கப் புறப்பட்ட எங்கள் சிங்கமேன்னு எழுதி, கீழ வரிசையா பயலுக மூஞ்சி. முன்பல்லு அவனுக்கு அத்தனை வரிசைண்ணே. கெட்டது எல்லாம் உள்ள. இப்ப நான் ஊருக்குள்ள போயி பல்லுல பெயிலுன்னு சொன்னா எவன் நம்புவான்? பிளெக்ஸைப் பாக்குறவன், இம்புட்டு நல்ல பல்லுக்கா பெயிலு பண்ணுவான், வேற என்னமோ சீக்கு இருக்கு, சிவனாண்டி மறைக்கிறான்னுதான் பேசுவான். ஏற்கெனவே ஒருத்தி தவமணிகிட்ட, பையனுக்கு உள்ளுக்குள்ள ஏதும் கோளாறான்னு கேட்டுட்டாளாம். நாளைக்கு அவனுக்கு ஒரு பொண்ணு பாக்குறதா இருந்தாலும் இதைத்தானே கேப்பாய்ங்க? வாயத் திறந்து ஒவ்வொருத்தன்கிட்டயா காட்டவா முடியும்?

காலையில இருந்து போன் போடுறேன், அதைக் கழட்டுங்கடான்னு. கழட்டிருவோம் மாமா, கழட்டிருவோம் மாமாங்கிறான் ஒருத்தன். இன்னொருத்தன் எடுக்கவே இல்ல.

இதோ பாருங்க, வளைவு வந்துருச்சு. அந்தப் புளியமரம் தாண்டுனதும்... எடுத்திருப்பாய்ங்க. எடுத்திருப்பாய்ங்கண்ணே, இம்புட்டு நேரத்துல.

இருக்குதுண்ணே.

டீக்கடையில கூட்டமா நிக்கிறாய்ங்க வேற. பால்ச்சாமி அண்ணன் கூட நிக்கிறாரு. கண்டக்டர் விசில் அடிக்கிறாரு. இவன் எந்திரிக்கல பாருங்க. எந்திரிடா. லிங்கேசு. கேக்குதா அவனுக்கு? குனிஞ்சுக்கிட்டான். சீட்டுக்குக் கீழ எதையோ தேடுற மாதிரி குனிஞ்சுக்கிட்டான்.

நான் எந்திரிச்சா அவனும் எந்திரிக்கணும்ண்ணே. நான் சொன்னா வந்துருவான். சொல் பேச்சு தட்ட மாட்டான்னு சொன்னேன்ல.

திரும்பிப் பாக்குறான். என்னைத்தான் பாக்குறான். நேத்துல இருந்து இப்பத்தாண்ணே என் மூஞ்சியப் பாக்குறான். வேணாம்ப்பாங்கிறான். சத்தம் வரல, வாய் மட்டும் அசையுது, வேணாம்ப்பா.

இல்ல கண்டக்டர், எறங்கல. நீங்க ரைட் குடுங்க. ஆமா, டிக்கெட்டு இது வரைக்கும்தான் எடுத்தோம், தெரியும். ஆண்டிபட்டிக்கு ரெண்டு போடுங்க. சில்லறையெல்லாம் வேணாம், சீக்கிரம் வண்டிய எடுக்கச் சொல்லுங்க.

ஆண்டிபட்டியிலயா? அங்க எங்களுக்கு யாரையும் தெரியாதுண்ணே.